முழுக்கோழி ரோஸ்ட்: தோல் கருகி உள்ளே வேகாத பிரச்சினைக்கு

வணக்கம். தேன் தடவிய கோழியை 230 டிகிரியில் வைத்ததாகவும், தோல் கருகித் தொடைப்பகுதி பச்சையாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கருகியதற்குக் காரணம் தேன்தான். சர்க்கரை சீக்கிரம் தீய்ந்துவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். உள்ளே வேகாததற்கு, ஐஸ் முழுதாக இளகாததும் காரணமாக இருக்கலாம். ஒன்றரைக் கிலோ கோழியை ஃப்ரிட்ஜிலேயே குறைந்தது 24 மணி நேரம் இளக விடுங்கள், வெளியே வைக்கவே வேண்டாம்.

முந்தின இரவே ஒரு மேசைக்கரண்டி உப்பைத் தடவி ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள். ஈரம் வற்றினால்தான் தோல் மொறுமொறுப்பாகும். பிறகு 190 டிகிரியில் சுமார் 75 நிமிடம். நெஞ்சுப்பகுதி முன்னதாகச் சிவந்தால் அதை மட்டும் ஃபாயிலால் மூடுங்கள். கறியின் நிறத்தை நம்பாதீர்கள்: எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைத் தொடையில் குத்தி 74 டிகிரி காட்டினால் வெந்தது. வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் ஆற விடுங்கள்.