நாகர்கோவிலில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிரல்மொழி செமான்டிக்ஸ் (நிரலின் பொருளைக் கணித முறையில் வரையறுக்கும் துறை), லாஜிக் ஆராய்ச்சிக்குப் போக இப்போதே என்ன செய்யலாம்?

கேட் நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங்கை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பாடத்திட்டத்தில் லாஜிக்கும் கம்பைலரும் கொஞ்சம் உண்டு, செமான்டிக்ஸ் கிடையாது. இன்டர்வியூவில் போர்டு முன் நிறுத்தி ஒரு நிரூபணம் எழுதச் சொன்னால்தான் பலருக்கும் கை ஓடாது.

'சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்ஸ்' என்ற பாடநூல் வரிசை இணையத்தில் இலவசம். முதல் இரண்டு தொகுதிகளையும் பயிற்சிகளோடு முடியுங்கள். அதில் பயன்படும், நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருளான ராக் (முன்பு காக் என்ற பெயர்) சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

அந்த நூலில் வரும் ஒரு கணக்கு: ஒரே கட்டளையை ஒரே நிலையில் (அதாவது மாறிகளின் அதே மதிப்புகளோடு) இருமுறை ஓட்டினால் இரண்டு முடிவு நிலைகளும் ஒன்றே என்று காட்ட வேண்டும். கட்டளையின் அமைப்பின் மேல் இண்டக்‌ஷன் போட்டால் வைல் லூப்பில் சிக்கும். ஏனென்றால், லூப்பின் விதிக்குள்ளேயே அதே லூப் மறுபடி வருகிறது. ஹைபாதசிஸோ (சிறிய பகுதிக்கு உண்மை என்று எடுத்துக்கொள்வது) உள்ளே இருக்கும் கட்டளைக்கு மட்டும்தான் கிடைக்கும். டெரிவேஷன் (கட்டளை எந்த முடிவு நிலைக்குப் போகிறது என்று விதிகளை அடுக்கிக் காட்டுவது) மேல் போட்டால் சரியாகும், உள்ளே வரும் டெரிவேஷன் சிறியது. அப்போதும் இரண்டாவது முடிவு நிலையைப் பொதுவாக விட்டுவிட்டுத்தான் இண்டக்‌ஷன் தொடங்க வேண்டும். முதலிலேயே அதை நிலைநிறுத்திவிட்டால் இடைநிலையில் ஹைபாதசிஸ் பொருந்தாது. இதைத் தாளில் ஒருமுறை, ராக்கில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

பிஎச்.டி. சேர ஐஐடிகளுக்கு கேட், தரமணி ஐஎம்எஸ்சிக்கு (கணித அறிவியல் நிறுவனம்) ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு, சிறுசேரி சிஎம்ஐக்கு (சென்னை மேத்தமெட்டிகல் இன்ஸ்டிடியூட்) அவர்களே நடத்தும் தேர்வு. சிஎம்ஐ, ஐஎம்எஸ்சி இரண்டிலும் ஆட்டோமேட்டா (கணிக்கும் இயந்திரங்களின் கணித மாதிரிகள்), லாஜிக் பக்கம் பலம் அதிகம். ஐஐடி மெட்ராஸில் நிரல்மொழியைக் கட்டும் வேலையும் நடக்கிறது. டைப் தியரிக்கு (நிரலில் வரும் மதிப்புகளின் வகைகளை ஆராயும் துறை) இந்தியாவில் ஆள் குறைவு என்பதால், நிறுவனத்தின் பெயரை விட வழிகாட்டியின் கடைசி நான்கைந்து கட்டுரைகளைப் பார்ப்பதே புத்தி.

நம்மூரில் பி.இ. முடித்தால் அடுத்தது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐ.டி. வேலை என்றுதான் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். ஆராய்ச்சி மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வாடகைப்படி தனி. வீட்டில் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஊர்ப்பக்கக் கல்லூரியில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. இத்துறையில் பெரிய முடிவுகள் மாநாடுகளில்தான் வெளியாகும். கல்லூரிகளோ ஜர்னல் கணக்குக் கேட்கும். பாப்பல், ஐசிஎஃப்பி என்ற நிரல்மொழி மாநாடுகளின் கட்டுரைகள் இப்போது பிஏசிஎம்பிஎல் என்ற ஜர்னலில் வருவதால் அங்கே சிக்கல் குறைவு. லாஜிக் மாநாடான லிக்ஸின் கட்டுரைக்கு அந்த வசதி இல்லை. அதன் விரிவான வடிவத்தைத் தனியாக ஒரு ஜர்னலுக்கு அனுப்பியாக வேண்டும்.