கடவுச்சொல் கொடுத்த பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது, ஃபோர்மட் பண்ணத்தான் வேண்டுமா?

புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் லப்டொப், கடவுச்சொல் கேட்கும் திரை ஒழுங்காக வருகிறது, கொடுத்ததும் எல்லாம் கறுப்பு, மவுஸின் அம்புக்குறி மட்டும் அசைகிறது, கடைக்காரர் டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ஃபோர்மட் என்கிறார். வேண்டாம். குறைந்தது இன்றைக்கு வேண்டாம்.

அந்த அம்புக்குறி நல்ல சகுனம். திரையும் வேலை செய்கிறது, விண்டோஸும் எழும்பி உங்கள் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டது. வராமல் நிற்பது எக்ஸ்புளோரர் என்ற ஒரு புரோகிராம். டெஸ்க்டொப், கீழே இருக்கும் டாஸ்க்பார், ஸ்டார்ட் பட்டன் எல்லாவற்றையும் காட்டுவது அதுதான். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் கொஞ்சம் பொறுங்கள். அப்டேட் ஏறியிருந்தால், அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், கறுப்புத் திரையோடு கால் மணித்தியாலம் நிற்பது புதினமில்லை. அப்போது பவர் பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் வினை. ஹார்ட் டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டிருந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்குப் பிறகும் கறுப்பு என்றால் கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். விண்டோஸ் 10 என்றால் ஃபைல் மெனுவுக்குள், 11 என்றால் பெரும்பாலும் மேலேயே, 'ரன் நியூ டாஸ்க்' இருக்கும். அதில் எக்ஸ்புளோரர் டொட் ஈஎக்ஸ்ஈ (explorer.exe) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். பல நேரம் டாஸ்க்பார் அப்படியே எழும்பி வந்துவிடும். வந்தால் வேறு எதையும் தொடமுதல் படங்களையும் ஆவணங்களையும் வெளியே ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில், போர் முடிந்த 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மாமியோ தங்கள் அல்பத்தில் இருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பியதுதான் அப்பாவின் ஒரே முகம். அது கிடப்பது இப்படி ஒரு லப்டொப்பில். ஃபோர்மட் கடைக்குச் சுகம்: நேரம் கணக்கு, காசும் கணக்கு. காரணம் தேடுவதற்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் டிஸ்க் உங்களுடையது.

சரி, எக்ஸ்புளோரர் தானாக ஏன் வரவில்லை? இங்கே நான் அடிக்கடி காண்பது பென் டிரைவ் வைரஸ். பள்ளிக்கூடம், கொம்யூனிகேஷன் கடை, வீடு என்று ஒரே பென் டிரைவ் ஊர் சுற்றுகிறது. ஓர் ஆசிரியை கொண்டுவந்த லப்டொப்பும் உங்களுடையது மாதிரித்தான் நின்றது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், எச்கேஎல்எம் (HKLM) கிளையில் சொஃப்ட்வெயார், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வேர்ஷன், வின்லொகன் என்று உள்ளே போனால் 'ஷெல்' என்று ஒரு வரி இருக்கும். அதில் எக்ஸ்புளோரர் டொட் ஈஎக்ஸ்ஈ மட்டும் இருக்கவேண்டும். அவருடையதில் அர்த்தமில்லாத எழுத்துகளில் வேறொரு ஃபைலின் பெயர் இருந்தது. வைரஸ் தன் பெயரை அங்கே எழுதிவைத்திருக்கிறது, அன்டிவைரஸ் வந்து வைரஸைத் தூக்கியிருக்கிறது, எழுதிய பெயர் மட்டும் அப்படியே கிடந்திருக்கிறது. விண்டோஸ் இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறது! பெயரைத் திருத்தி ரீஸ்டார்ட் பண்ணியதும் சரி. உங்களுடையதில் அந்த வரி ஒழுங்காக இருந்தால் ரெஜிஸ்ட்ரியில் வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

டாஸ்க் மனேஜரும் வரவில்லை, அம்புக்குறியும் போய்விட்டது என்றால் கதை வேறு. விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் டிரைவர் திரும்பத் தொடங்கும். முன்பு டிவியிலோ புரொஜெக்டரிலோ பூட்டியிருந்தால் விண்டோஸ், பி (P) அழுத்தி, படம் இரண்டாவது திரைக்குப் போகிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரிவராவிட்டால், தேவையானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும்பும் சேஃப் மோட். கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், கடைசியில் 4. இடையில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால் பதறவேண்டாம், ஃபோனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். சேஃப் மோடில் டெஸ்க்டொப் வந்தால் விண்டோஸில் பிழையில்லை, பிறகு ஏற்றிய ஏதோ ஒன்றுதான் மறிக்கிறது. கடைசியாகப் போட்டதைக் கழற்றுங்கள். இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்று போகட்டும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த வருத்தம் என்றால், அதே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது.

கரண்ட் போய் வந்த பிறகுதான் இப்படி என்றால், அதுவும் பற்றரி செத்த லப்டொப் என்றால், சிஸ்டம் ஃபைல் பழுதாகியிருக்கலாம். கமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று அடியுங்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். நிறுத்திவிட்டு, டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் பூட்டி டேட்டா எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்காகப் பரந்தன் வீதியால் கிளிநொச்சி வரை வரவேண்டியிருந்தாலும் வாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் 'ரீசெட் திஸ் பீசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. கிளவுட் டவுன்லோட் கேட்டால் லோக்கலைத் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் சிம் டேட்டாவில் 4 ஜிபிக்கு மேல் போய்விடும். கோப்புகள் தங்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போகும், நீங்களே ஏற்றிய எழுத்துருக்களும் போகும். அதனால் பாமினியை முதலே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது இல்லாமல், அதில் அடித்த பழைய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டியதுபோல் வரும், அதையும் வைரஸ் என்று சொல்லி இன்னொருமுறை ஃபோர்மட் பண்ணித்தர ஆள் இருக்கிறது.