ஒருவர் செலவு, மற்றவர் கூலி

கேள்வி: எங்கோ ஏற்படும் பொருளாதார மந்தம் எங்கள் ஊர்க் கொத்தனாரின் வேலையை எப்படிப் பறிக்கிறது? எல்லோரும் சிக்கனமாக இருப்பது நல்லதுதானே?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் கன்னியாகுமரி மாவட்டமே இதற்குச் சான்று. 2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தபோது, வளைகுடா நாடுகளில் பல கட்டுமானப் பணிகள் முடங்கின. அங்கிருந்து வரும் பணத்தை நம்பி இங்கே எழும்பிய வீடுகளும் பாதியில் நின்றன. கொத்தனாரின் கூலி அப்படித்தான் தடைப்பட்டது.

அதே எண்ணெய்ச் சரிவு ரப்பர் தோட்டத்தையும் தொட்டது. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து தயாராவதால், எண்ணெய் மலிந்தால் அதுவும் மலியும். டயர் நிறுவனங்கள் இயற்கை ரப்பருக்குக் கூடுதல் விலை தர முன்வருவதில்லை. தென்கிழக்கு ஆசியாவில் விளைச்சல் பெருகியதும் சேர்ந்துகொள்ள, 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. பால்வெட்டுக் கூலிக்கே கட்டுப்படியாகாத தோட்டங்களில் மரங்கள் பால் எடுக்கப்படாமல் நின்றன.

சிக்கனம் பற்றிய உங்கள் கேள்வி சற்றுச் சிக்கலானது. அரிசியையும் மீனையும் மருந்தையும் யாரும் தள்ளிப்போட முடியாது. நகையும் மரச்சாமான்களும் வீட்டு மராமத்தும் தள்ளிப்போகின்றன. ஒரு குடும்பத்துக்கு அது விவேகம்தான். ஆனால் ஊரே ஒரே நேரத்தில் கையை மடக்கினால், தச்சரும் தையற்காரரும் வருமானம் இழந்து, அவர்களும் செலவைக் குறைப்பார்கள். பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936-இல் வலியுறுத்தியது இதைத்தான். அத்தகைய காலத்தில் செலவிட வேண்டியது அரசு என்றார் அவர். ஆகவே குற்றவுணர்வின்றிச் சேமியுங்கள். செய்தே தீர வேண்டிய கூரைப் பழுதை மட்டும் மழைக்கு முன்பே, உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு முடித்துவிடுங்கள்.