படகில் லைட் எரியவில்லையா? கேளுங்கள்

ஃபைபர் படகுகளுக்கு வயரிங் செய்வதுதான் என் பிழைப்பு. இன்று பட்டறையில் வேலை இல்லை, அதனால் 12 வோல்ட் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேட்கலாம். இன்ஜின் புகை, ஜி.பி.எஸ். ரிப்பேர் எல்லாம் என்னிடம் வேண்டாம்.

பாம்பன்: அண்ணே, 28 அடி படகு. அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் சிவப்பு, பச்சை லைட் இரண்டும் மங்கலாக எரிகிறது. பேட்டரி புதுசு, பல்பும் மாற்றிவிட்டேன். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 காட்டுகிறது. அப்புறம் என்னதான் கோளாறு?

தம்பி, பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்ததுதான் கோளாறு. கரண்ட் ஓடாதபோது ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். பல்பைப் போட்டு, எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை லைட்டுக்குப் போகும் நெகட்டிவ் வயரிலும் வையுங்கள். சும்மா 0.1, 0.2 காட்டினால் அந்தப் பக்கம் சுத்தம். 0.3-க்கு மேல் போனால் அந்த வழியில் எங்கேயோ வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பாருங்கள். முனையை ஒவ்வொரு ஜாயின்ட்டாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் திடீரென்று குதிக்கிறதோ அதுதான் ஆள். நான் பார்த்தவரை பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம்தான், ஏனென்றால் அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

அங்கே போய்ப் பார்த்தால் கட்டாயம் ஒரு டேப் சுற்றிய முறுக்கு இருக்கும். டேப்பைப் பிரித்தால் கையில் பிசின் மாதிரி ஒட்டும், உள்ளே பச்சைக் களிம்பு, இழுத்தால் வயர் பொடியாக உதிரும். ஒரு சாண் தூரம் தோலை உரித்தாலும் செம்பு கறுத்துத்தான் இருக்கும், இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறிவிடுகிறது. டேப் தண்ணீரை வெளியே நிறுத்தாது, உள்ளே போனதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இதை இன்று இன்னும் பத்து முறை சொல்வேன்.

வயர் தடிமனையும் பாருங்கள். 25 வாட் பல்பு இரண்டு என்றால் ஏறக்குறைய 4 ஆம்பியர். பேட்டரியிலிருந்து அணியம் 8 மீட்டர் என்றால் போக வர 16 மீட்டர். வீட்டுக்குப் போடும் 1 சதுர மி.மீ. வயரில் அதற்கே 1.1 வோல்ட் போய்விடும், 2.5 போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். குண்டு பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலை கூடத்தான்.

குளச்சல்: மீட்டர் இல்லை. வீட்டு டெஸ்டரை வைத்தால் எரியவே இல்லை, அப்படியென்றால் கரண்ட் வரவில்லையா?

அந்த டெஸ்டர் 12 வோல்ட்டுக்கு எரியாது. பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி அதை வைத்துப் பாருங்கள். அது கரண்டையும் இழுப்பதால் பாம்பன் தம்பியின் மீட்டரைவிட நிஜத்தைச் சொல்லும்.

மல்லிப்பட்டினம்: பழைய பல்பை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டேன். பச்சை நீலமாகத் தெரிகிறது, சிவப்பு சோகை பிடித்த மாதிரி இருக்கிறது.

வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கல், சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி., பச்சைக்குள் பச்சை போடுங்கள். இடது சிவப்பு, வலது பச்சை, ஒவ்வொன்றும் நேர் முன்னால் தொடங்கி 112.5 டிகிரி தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு என்றால் ஒரு கடல் மைலிலாவது கண்ணில் பட வேண்டும். வலை போட்டிருக்கும்போது மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரிகிற மாதிரி. இழுவலை என்றால் மேலே சிவப்புக்குப் பதில் பச்சை. கல்யாண வீட்டு சீரியல் பல்பைக் கட்டிக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தூரத்தில் வருகிற கப்பல்காரனுக்கு அது என்னவென்றே புரியாது.

காசிமேடு: புது எல்.இ.டி. போட்டதிலிருந்து வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் ஒரே இரைச்சல்.

மலிவு எல்.இ.டி.க்குள் வோல்ட்டைக் குறைக்கும் சின்ன சர்க்யூட் இருக்கிறது, இரைச்சல் அதிலிருந்துதான். எல்லா லைட்டையும் அணைத்து, சேனல் 16-இல் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) இரைச்சல் சரியாக நிற்கும் இடம்வரை திருப்புங்கள். பிறகு லைட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், எதைப் போட்டதும் இரைச்சல் திரும்புகிறதோ அதைக் கழற்றுங்கள். ஆபத்தில் கூப்பிடும் சேனல் அது, 156.8 மெகாஹெர்ட்ஸ். இரைச்சலே கேட்காவிட்டாலும் தூரத்தில் கூப்பிடுகிறவன் குரல் உங்களுக்கு வராமல் போகலாம்.

தூத்துக்குடி: டேப் வேண்டாம் என்றால் சால்டர் (ஈயப் பற்று) வைத்துவிடலாமே?

வேண்டாம். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்) வைத்து கிரிம்ப் செய்து, அதாவது டூலால் இறுக்கி அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் டியூபைப் போட்டுச் சூடு காட்டுங்கள்.

நாகை: என்ன அண்ணே இப்படிச் சொல்கிறீர்கள்? அப்பா காலத்திலிருந்து எங்கள் படகில் சால்டர்தான், ஒரு குறையும் இல்லை.

சரி, இதற்கு உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சால்டர்தான். பளபளவென்று இருக்கும், எனக்கே பெருமையாக இருக்கும். ஒரே சீசனில் மூன்று படகு திரும்பி வந்தது. சால்டர் உருண்டை அப்படியே இருக்கிறது, அது முடிகிற இடத்தில், தோலுக்கு உள்ளே, வயர் கத்தியால் வெட்டின மாதிரி துண்டாகியிருந்தது. ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடுகிறது. டீசல் இன்ஜின் நாள் முழுக்க உதறுகிறது, விறைப்பும் வளைவும் சேருகிற கோட்டில் ஒவ்வொரு இழையாக அறுபடும். உங்கள் அப்பா வயரை அசையாமல் கட்டியிருப்பார், அதனால் தாங்கியிருக்கும்.

காசிமேடு (மறுபடியும்): அப்படியானால் ஆன்டெனா பிளக்கை ஏன் சால்டர் செய்கிறார்கள்?

நல்ல கேள்வி, மடக்கிவிட்டீர்கள். பிளக்கின் உடம்பு கேபிளைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே ஆட்டம் இல்லை. அங்கே சால்டர் சரி.

நாகை: கிரிம்ப் இழுத்தால் கையோடு வருகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

கட்டிங் பிளேயரால் நசுக்கியிருப்பீர்கள். அதற்குப் பெயர் கிரிம்ப் இல்லை. சரியான டூலால் அழுத்தியதைத் தொங்கி இழுத்தாலும் வராது.

தூத்துக்குடி: கிரிம்ப் செய்து அதன் மேல் கொஞ்சம் சால்டர் வைத்தால்?

இரண்டு கட்சியிலும் ஓட்டுப் போட முடியாது தம்பி. அடுத்த கேள்வி.

கோடியக்கரை: எங்கள் படகில் பின்பக்க லைட் மங்கல், பேட்டரி நல்லதுதான்.

பாம்பனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: கணவாய் மீனை இழுக்க 2000 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட் போட வேண்டும், எத்தனை பேட்டரி?

எல்.இ.டி. வெளிச்சம் போட்டு மீன் பிடிக்க 2017-லேயே தடை போட்டாகிவிட்டது. நான் செய்து தரமாட்டேன், எண்ணிக்கையும் சொல்லமாட்டேன்.

மண்டபம்: எங்கள் இன்ஜினில் சார்ஜ் ஏறாது, பேட்டரியைக் கரைக்குத் தூக்கித்தான் சார்ஜ் போடுகிறோம். சோலார் பேனலை நேராகக் கொடுக்கலாமா?

12 வோல்ட் பேனல் என்று பெயர்தான், சும்மா இருக்கும்போது 20 வோல்ட்டுக்கு மேல் தரும். நேராகக் கொடுத்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்துப் போகும். சார்ஜ் கன்ட்ரோலர் நடுவில் வேண்டும். பேட்டரி இருக்கும் பெட்டியை அடைத்து மூடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

பழவேற்காடு: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. இப்போதைக்குக் கம்பி வைத்து ஓட்டுகிறேன்.

உடனே எடுங்கள். ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயர் பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான். பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன், சுற்றிலும் ஃபைபர், கரை எங்கேயோ. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதென்றால் எங்கோ தோல் உரசித் தேய்ந்திருக்கிறது, அநேகமாக வயர் ஓட்டை வழியாக நுழைகிற இடத்தில். அதன் மேல் டேப் சுற்றாதீர்கள், அந்த வயரையே மாற்றுங்கள்.

ராமேஸ்வரம்: அண்ணே, லைட் மங்கலாக எரிகிறது, பல்பு மாற்றியும்...

பாம்பன். மேலே. முதல் கேள்வி.

பாம்பன்: அண்ணே, நான்தான். நெகட்டிவில் 1.4 காட்டியது. பலகைக்கு அடியில் ஒரு ஜாயின்ட், நீங்கள் சொன்ன மாதிரியே பச்சை. வெட்டி எடுத்து இணைத்ததும் 0.2, லைட் பளிச்சென்று எரிகிறது. லக் கடை மூடிவிட்டான், அதனால் இப்போதைக்கு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன். நல்ல கம்பெனி டேப்தான்.

படகு எந்தக் கரையில் நிற்கிறது என்று சொல்லுங்கள். காலையில் லக்கோடு நானே வருகிறேன்.