பிஸ்டன், கனெக்டிங் ராடு இரண்டையும் நாமே பொருத்தலாமா?

லேத்தில் போர் (பிஸ்டன் ஓடும் துளை) போட்டு வாங்கிய டீசல் என்ஜின் பிளாக்கை வீட்டில் வைத்திருக்கிறேன், பிஸ்டனை நானே இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கலாம். ஆனால் பிரிக்கும்போது எந்த ராடுக்கு எந்த கேப் (ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும் அரைவட்ட மூடி) என்று குறித்து வைத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குறிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பாதி வேலையில் என் பட்டறைக்கு வரும் என்ஜின்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

இங்கே ஒருவர், "எல்லா கேப்பும் ஒரே அளவுதான், எதை எதில் போட்டாலும் பிடிக்கும்" என்று பதில் எழுதியிருக்கிறார். பிடிக்கும். ஓடாது. ராடையும் கேப்பையும் சேர்த்து முடுக்கிய பிறகுதான் கிராங்க் உட்காரும் துளையைக் கடைகிறார்கள். கேப் மாறினாலோ, அதே கேப் திரும்பி உட்கார்ந்தாலோ துளை வட்டமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் போதும், எண்ணெய்ப் படலம் அறுந்து பேரிங் தேயும். ராடிலும் கேப்பிலும் வெட்டியிருக்கும் எண்கள் ஒரே பக்கம் வர வேண்டும்.

எனக்குப் பட்டறை கம்பத்தில். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப் ஒன்று, வேறு இடத்தில் என்ஜின் வேலை முடித்த சில நாட்களிலேயே ராடு தட்டும் சத்தத்தோடு வந்தது. "காய் எடுக்கிற நேரம் அண்ணே, பேரிங் மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்றான் ஓட்டுநர். என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் இரண்டாம் ராடில் மூன்றாம் ராடின் கேப். பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. "தம்பி, நாளைக்குக் காலையில் இதில் ஏறப் போவது உன் ஊர்ப் பெண்கள். பேரிங் மட்டும் போட்டு அனுப்ப மாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டான். ராடுகளின் கோணலைப் பார்த்து, துளையைச் சரிசெய்து, கிராங்கைக் கிரைண்டிங் போட்டு வாங்கிய பிறகுதான் கோர்த்தேன்.

கோர்க்கும் முறை இது. ஹோனிங் செய்த (உள்சுவரைக் கல்லால் தேய்த்த) போரை டீசலால் துடைத்தால் போதாது. வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரை கழுவி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். ரிங்கைப் போருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டால் அளக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் போருக்குப் பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும்; உங்கள் என்ஜினின் மேனுவல் சொல்வதே முடிவு. ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. பிஸ்டன் தலையிலுள்ள அம்பு பெரும்பாலும் டைமிங் பக்கம் பார்க்கும், அதையும் மேனுவலில் உறுதி செய்யுங்கள். பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெயில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் உள்முகத்துக்கு மட்டும். ராடு போல்ட்டுகளில் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டி, அந்த ராடு பிடிக்கும் கிராங்க் பின்னைக் கீழே நிறுத்தி இறக்குங்கள். போல்ட் உரசி அந்தப் பின்னில் ஒரு கீறல் விழுந்தால் கிரைண்டிங் செலவு வீண்.

அந்த ஜீப்பில் மூன்றாவது பிஸ்டன் பாதி வழியில் நின்றது. பட்டறைப் பையன் இன்னும் ஓங்கித் தட்டப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆயில் ரிங் பிளாக்கின் விளிம்பில் சிக்கியிருந்தது. வெளியே எடுத்து, ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸர் பட்டையை மறுபடி சுற்றி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினோம், இறங்கியது. ஒவ்வொரு கேப்பையும் முடுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். எது இறுகுகிறது என்று அப்போதே தெரியும். நான்கையும் முடுக்கிவிட்டுச் சுற்றினால் எதைக் குற்றம் சொல்வீர்கள்?

மேனுவலில் இருப்பதைத்தானே எழுதுகிறாய் என்று சிலர் வருவார்கள். ஆமாம், அதில் இருப்பதுதான். செய்கிறார்களா என்பதே என் கேள்வி. எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் குமுளியில் பட்டறை வைத்திருந்த மலையாளி ஆசான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி எல்லையில் போக்குவரத்து நின்றபோது, அவரைப் பார்க்கக்கூட என்னால் போக முடியவில்லை. அணையைப் பற்றி மேடையில் முழங்கியவர்கள் எவருக்கும் ஒரு நாள் கூலி போகவில்லை. போனது தோட்டத்துப் பெண்களுக்கும் ஜீப் ஓட்டுநர்களுக்கும்தான். இப்போதும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கேள்விக்குத் தொடர்பில்லை என்பீர்கள். இருக்கட்டும், எழுதியதை அழிக்கப் போவதில்லை.

உங்கள் வண்டியின் மாடலையும் ஆண்டையும் எழுதுங்கள். சில என்ஜின்களில் ராடு போல்ட் முடுக்கும்போது நீளும் வகை, கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அது எந்த வகை என்று தெரியாமல் டார்க் அளவு (எவ்வளவு விசையில் முடுக்குவது என்று) சொல்ல மாட்டேன். அதுவரை கேப்புகளை முடுக்காமல் வைத்திருங்கள்.