ஜவ்வோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேளுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸ் விருந்துக்காக ஒரு வெளிநாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்து, கனமான பாத்திரத்தில் மாட்டுக்கறியை இரண்டரை மணி நேரம் வேகவைத்தேன். ஜவ்வே இல்லாத தொடைக்கறியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கறி வறண்டு நார்நாராகப் போனது. குழம்போ தண்ணீராக நின்றது. மலையில் கறி வேகாது என்கிறார் மாமியார். உண்மையா? பப்பாளிக்காய் சேர்க்கலாமா?

பதில்: மாமியார் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. கணக்காகவே சொல்கிறேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த உயரத்தில், குழம்பில் கிடந்து வேகும் கறிக்குக் கால் பங்கு நேரம் வரை கூடுதலாகப் பிடிக்கும். அதை அடுப்பில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உங்கள் கறியைக் கெடுத்தது ‘ஜவ்வே இல்லாத’ என்று கடையில் நீங்கள் சொன்ன சொல்தான்.

வறுவலுக்கு ஜவ்வு எதிரி. நெடுநேரம் வேகும் கறிக்கு அதுதான் உயிர். கறியின் சதை நார்கள் 65 டிகிரி தாண்டினாலே சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கும். கொழுப்பும் ஜவ்வும் இல்லாத தொடைக்கறி அப்படியே வறண்டு போகும். இன்னும் வேகவைத்தால் இன்னும் மோசமாகும். ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் அது மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். வறண்ட நார்களுக்கு இடையே வழவழப்பாகப் படிந்து மென்மையைத் தருவதும், குழம்புக்கு உதடு ஒட்டுகிற கெட்டியைத் தருவதும் அதுதான். உங்கள் குழம்பு தண்ணீராக நின்றதற்கும் காரணம் புரிந்திருக்கும்.

இன்னொன்று, அந்தக் குறிப்பை எழுதியவர் இரண்டு வயதை ஒட்டிய இளம் மாட்டின் கறியை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலும் பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடுகளே வெட்டுக்கு வருகின்றன. வயது ஏற ஏற ஜவ்வு இறுகும். ஆகவே அங்கே இரண்டரை மணி என்றால் இங்கே நான்கு மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் துண்டு எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும்.

முன்னங்கால் சப்பை, நெஞ்சுக்கறி, முழங்காலுக்குக் கீழே உள்ள சதை, இவற்றில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு நல்லி எலும்பும் கேளுங்கள். துண்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்குக் குறையக் கூடாது. சின்னதாக வெட்டினால் வெந்து முடிவதற்குள் சிதறிவிடும்.

கழுவிய கறியைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, சூடேறிய எண்ணெயில் நாலைந்து துண்டுகளாக மட்டும் போட்டுச் சிவக்க விடுங்கள். அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டினால் தண்ணீர் விட்டு, கறி வறுபடாமல் சாம்பல் நிறத்தில் அவிந்துபோகும். நானும் ஒரு விருந்து நாளில் அப்படிக் கொட்டிவிட்டு விழித்திருக்கிறேன். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். கால் கிலோ சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, இரண்டு தக்காளி வதக்கும்போது அது தானாகக் கிளம்பி வரும். குழம்பின் நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. உப்பை இப்போதே போடுங்கள், ஆனால் குறைவாக. குழம்பு சுண்டும்போது உப்பும் ஏறும்.

தண்ணீர் கறியின் பாதி உயரத்துக்கு இருந்தால் போதும். மூடியின் விளிம்பில் கோதுமை மாவை உருட்டி ஒட்டிவிட்டால் ஆவி வெளியேறாது. தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரி. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு மாவை உடைத்துக் கறியைக் குத்திப் பாருங்கள். எரிவாயுவுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் குக்கரில் வைக்கலாம், குற்றமில்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே குழம்பு பொங்கிக் கொதித்துக் கறி பிய்ந்துவிடும். குக்கரில் குழம்பு சுண்டாது என்பதால் பிறகு திறந்து வைத்துக் கால் மணி நேரமாவது வற்றவைக்க வேண்டும்.

பப்பாளிக்காய் வேண்டாம். அதிலுள்ள பப்பேன் என்ற நொதி கறியின் மேற்புறத்தைக் கூழாக்கும், உள்ளே அதிகம் எட்டாது. சுட்டெடுக்கும் கறிக்கு அது சரி.

முடிந்தால் முதல் நாளே சமைத்துவிடுங்கள். ஆறியதும் பிரிட்ஜில் வைத்தால் மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுக்கலாம். கறியும் குழம்பை இழுத்து வைத்துக்கொள்ளும். டிசம்பர் மாத ஏற்காடு குளிரை நம்பி இரவு முழுவதும் அடுப்பு மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காபிக்கு நடுவே சவுக்கு மரத்தைப் போல நெடிதாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்கிறதே மிளகு, அதில் இரண்டு தேக்கரண்டியை ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரக் கொதியில் அதன் மணம் பறந்துவிடும். மறுநாள் சூடுபடுத்தி இறக்கும்போது தூவுங்கள். சிக்கரி கலக்காத டிகாஷன் கால் டம்ளர் ஊற்றினால் குழம்பின் நிறம் இன்னும் ஆழமாகும். அதற்கு மேல் போனால் கசக்கும்.