திருமணப் பேச்சை நிறுத்துங்கள், வாரத்தை எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. நாள் தள்ளிப்போய் மூன்று மாதம் ஆனதை இப்போதுதான் சொன்னாள். காரணமான பையனுக்கு 20 வயது. திருமணம் முடித்துவிடலாம், பெரியவர்கள் முன்னால் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள் அவன் வீட்டார். வெளிநாட்டில் இருக்கும் என் கணவர், தான் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார். போலீஸுக்குப் போகாமல் கருவைக் கலைக்க முடியுமா?

பதில்: பள்ளி கவனிக்கவில்லை, தோழி மறைத்தாள், கைப்பேசி கெடுத்தது என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒதுக்கி வைக்கிறேன். முதலில் தெரிய வேண்டியது, இன்று எத்தனை வாரம் என்பதுதான்.

நீங்கள் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுகிறீர்கள். மருத்துவரோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். அந்தக் கணக்கில் உங்கள் மூன்று மாதம் ஏறக்குறைய 17 வாரம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர்களுக்கு 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதையும் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு ரிட் மனு போடுவதுதான் வழி. மருந்துக்கடை மாத்திரையை நினைத்தும் பார்க்காதீர்கள். இந்த வாரத்தில் அது உயிருக்கே ஆபத்து.

கணவருக்காகக் காத்திருக்க வேண்டாம். 18 வயது நிரம்பாதவருக்குச் சட்டம் கேட்கும் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துக்கு, மகளை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் தாயின் கையெழுத்தே போதும். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அவள் விருப்பத்துக்கு மாறாகக் கலைக்க முடியாது. பெற்றெடுக்க விரும்பினால், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. உறவினர் பெயரில் பிறப்பைப் பதிவு செய்யும் யோசனை மட்டும் வேண்டாம், அது குற்றம்.

போலீஸ் விஷயம்: சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நீங்களும் மகளும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வந்த சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதை எழுதியே கொடுங்கள். மிரட்டலோ பலவந்தமோ நடந்ததாக மகள் சொன்னால் கதை வேறு. நீங்களே புகார் கொடுக்க வேண்டும்.

இனி அந்தத் திருமணப் பேச்சு. வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். 'பையனே கட்டிக்கொள்கிறேன் என்கிறான், பிறகென்ன வழக்கு' என்று முத்திரைத்தாளில் எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். யார் யாருக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க உதவுவதைத் தவிர, அந்தத் தாளால் வேறு பயன் இல்லை. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறுமியைக் கருவுறச் செய்தால் போக்சோ 6-ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. தாலி அதை அழிக்காது. கூடவே குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் சேரும். அதன் 11-ஆம் பிரிவு, நடத்திவைக்கும் பெற்றோரையும் பிடிக்கும். பெண்களுக்குச் சிறை இல்லை என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் கணவருக்கு அந்தச் சலுகை கிடையாது, இரண்டு ஆண்டு வரை போகலாம்.

இப்படித் திருமணம் முடித்தவர்கள் பெரும்பாலும் பிரசவத்துக்குப் போகும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். பதிவு மேசையில் ஆதாரை வாங்கி, பிறந்த ஆண்டைப் பார்த்ததும் செவிலியர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அடுத்து மகளிர் காவல் நிலையம். இல்லையென்றால், நாள் குறிப்பதாகச் சொல்லி இரண்டு மாதம் இழுத்துவிட்டுப் பையன் வீட்டார் பின்வாங்குவார்கள். அப்போது 25 வாரம் தாண்டியிருக்கும், திருமணமும் இல்லை, நீதிமன்றம் போகாமல் கலைக்கவும் வழியில்லை. சொத்துத் தகராறு என்றால் பேசி முடியுங்கள் என்று நானே சொல்வேன். சிறுமிக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2024-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நாளைக் காலையே மகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். வயதுச் சான்று கையில் இருக்கட்டும். ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் மனுவோடு முதலில் இணைக்க வேண்டியது அதுதான்.